தொம்மை வைத்த வாசற்கால்

விழுப்புரம் புறவழிச்சாலையில் வண்டிகளுக்குக் கூண்டு கட்டும் நடராசனின் ஷெட்டில் இரண்டு பேர் பதினோரு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் மரவேலை பார்க்கும் தொம்மை. இன்னொருவர் வெல்டிங் பார்க்கும் சின்னதுரை. பேசிக்கொள்வதில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள் என்று அர்த்தமில்லை. இருவருக்கும் நடுவே ஒரு சிவப்பு கம்ப்ரசர் நின்றது. ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த வெறுப்பெல்லாம் அதன் வழியாகத்தான் போய் வந்தது.

"கம்ப்ரசரு, பொறி இந்தப் பக்கம் தெறிக்குது. பிளைவுட்டு பத்திக்கினா எவன் வந்து அணைப்பான்னு கேளு" என்பார் தொம்மை.

"கம்ப்ரசரு, நெருப்புக்குப் பயந்த மரம் காட்டுலயே இருந்திருக்கணும்னு சொல்லு" என்பார் சின்னதுரை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாள் சிரிப்பார்கள். ஒரு வாரம் போனால் சிரிப்பு நின்றுவிடும். அந்த இரண்டு பேரின் கண்ணிலும் விளையாட்டு இல்லை என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

தொம்மைக்கு ஐம்பத்து நான்கு வயது. திண்டிவனத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. தினமும் ஏழேகால் பஸ் பிடித்து வேலைக்கு வருவார். இடது கட்டைவிரலில் நகம் கிடையாது; இருபது வயதில் உளி கொண்டுபோனது. மதியம் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். "நல்லா இருக்கீங்களா" என்று யாராவது கேட்டால், "இல்லன்னா தூக்கிக்கினு போவப் போறியா" என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால், செருப்பு இருக்கிறதா என்று பார்க்க வெளியே போய்விடுவார். அது முடிந்த பிறகுதான் உள்ளே வருவார்.

ஆனால் அவருடைய கை வேறு. அவர் செய்த அலமாரிக் கதவை மூடினால் ஒரு பெருமூச்சு அளவுக்குக்கூடச் சத்தம் வராது. ஒரு காலத்தில் திண்டிவனத்திலிருந்து திருவெண்ணெய்நல்லூர் வரை புது வீடு கட்டுகிறவர்கள் வாசற்காலுக்குத் தொம்மையைத்தான் தேடி வந்தார்கள்.

இந்தப் பக்கத்தில் வீட்டு வாசற்காலை வெறும் மண்ணில் நிறுத்தமாட்டார்கள். மஞ்சள் துணியில் ஐந்து காசு, ஒன்பது தானியம், ஒரு துணுக்குத் தங்கம் வைத்து முடிந்து, அந்த வீட்டுப் பெண் தச்சர் கையில் கொடுப்பாள். அந்த முடிச்சை அடியில் வைத்து அதன் மேல்தான் வாசற்காலை இறக்க வேண்டும். தொம்மை வேதக்காரர். சிலுவை போட்டுக்கொண்டு முடிச்சை வைப்பார். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

சின்னதுரை அப்போது அவருக்குத் தம்பி மாதிரி. ஒரே டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடித்தவர்கள். சின்னதுரையின் மனைவி அஞ்சம்மாள் தொம்மையை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். திருவெண்ணெய்நல்லூரில் கரும்புக் கொல்லையை ஒட்டி அவர்கள் ஒரு சின்ன வீடு கட்டினார்கள். தொம்மை கூலி வாங்காமல் வாசற்கால் வைத்துக் கொடுத்தார். அந்த வீட்டில் அஞ்சம்மாள் வாழ்ந்தது நான்கு மாதம். மஞ்சள் காமாலை வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள்.

உடல் வாசலில் கிடக்கும்போது சின்னதுரை கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்றார். தொம்மையை நோக்கிக் கையை நீட்டினார்.

"இவன் வாசக்காலுக்கு அடியில ஒண்ணுமே வெக்காம நட்டுட்டான். என் வூட்டு வாசலு வெறும் வாசலு. அதான் அவ அது வழியா போயிட்டா."

தொம்மை நின்ற இடத்திலேயே சொன்னார். "மாதா மேல சத்தியமா வெச்சேன்."

காமாலைக்கும் வாசற்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஆனால் புது வீடு கட்டுகிறவன் எவனும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. வேறு தச்சரைப் பார்த்துப் போனான். ஆறு மாதத்தில் தொம்மைக்கு வீட்டு வேலை அடியோடு நின்றது. நடராசனின் ஷெட்டில் வந்து சேர்ந்தார். மறு மாதமே சின்னதுரையும் அங்கே வெல்டராக வந்தார். சுற்றிலும் எத்தனையோ ஷெட் இருக்க, இவர் ஏன் இங்கே வந்தார் என்று யாருக்கும் விளங்கவில்லை. தொம்மைக்கும் விளங்கவில்லை.

போன தை மாதம் அந்த ஷெட்டில் முதல் முறையாக ஒரு கேரவன் கட்டினார்கள். சினிமாக்காரர்களுக்கு அல்ல. திண்டிவனத்தில் பல் டாக்டராக இருக்கும் ஆர்த்திக்கு. அவருடைய மகள் சங்கவிக்குப் பன்னிரண்டு வயது. எதிர்பாராத சத்தம் எதையும் அந்தப் பெண்ணால் தாங்க முடியாது. காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். அடங்க அரை நாள் ஆகும். ரயில், லாட்ஜ், உறவுக்காரர் வீடு எதற்கும் அழைத்துப் போக முடிந்ததில்லை. மரக்காணம் கடல் ஒரு மணி நேரத் தூரத்தில்தான் இருக்கிறது. அதைக்கூட அவள் பார்த்ததில்லை.

ஆர்த்தி கேட்டது இரண்டே இரண்டு. வண்டிக்குள் சத்தம் வரக் கூடாது. ஏறும் கதவு, வீட்டில் இருப்பது போலத் தேக்கு வாசற்காலோடு இருக்க வேண்டும். பழக்கமில்லாத வாசலைக் கண்டால் சங்கவி உள்ளே காலெடுத்து வைக்கமாட்டாள்.

கட்டில், அடுப்பு மேடை, அலமாரி, வாசற்கால் எல்லாம் தொம்மையின் கை. அடிச்சட்டம், பக்கவாட்டுக் குழாய்கள் எல்லாம் சின்னதுரையின் கை. வண்டி பாம்பு போகிற மாதிரி சத்தமில்லாமல் போனது. சங்கவி வாசற்காலைத் தடவிப் பார்த்துவிட்டுத் தானாக ஏறினாள். இரண்டு வாரம் கழித்து, படிக்கட்டில் ஒரு சின்ன விளக்கு வேண்டும் என்று ஆர்த்தி வண்டியைக் கொண்டுவந்து விட்டார். ஒயர் போக, சின்னதுரை அடியில் படுத்துக்கொண்டு, குழாய் வழியாக வாசற்காலுக்குள் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு ஓட்டை போட்டார்.

அன்றிலிருந்து சத்தம் தொடங்கியது.

மூன்றாம் முறையாக வண்டி திரும்பி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆர்த்தி இறங்கியதும் நடராசன் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"டோல்கேட்கூட தாண்டல சார், ஆரம்பிச்சிடுச்சு. என் பொண்ணு உள்ள கட்டிலுக்குக் கீழ போய் உக்காந்திருக்கா. கூப்பிட்டா வரமாட்டேங்குறா."

"கரண்டி, தட்டு ஏதாவது…"

"ரெண்டு தடவையும் அதத்தான் சொன்னீங்க. இன்னிக்கு வண்டிக்குள்ள ஒரு டம்ளர்கூடக் கிடையாது. வேணும்னா போய்ப் பாருங்க."

நடராசன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவேன். சத்தம் இருந்தா வண்டி இங்கயே நிக்கட்டும். நான் கதவு சாத்துற சத்தத்துக்குப் பயந்து பன்னெண்டு வருஷமா கதவு சாத்தாம இருக்கேன் சார். உங்ககிட்ட வந்து இந்தச் சத்தத்தை வாங்கிக்கினு போகணுமா?"

மகளைச் சமாதானப்படுத்தி வாடகைக் காரில் ஏற்றுவதற்குள் ஒரு மணி நேரம் ஆனது. கார் போனதும் நடராசன் திரும்பினார்.

"மரத்துல வருதா, இரும்புல வருதா, எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும். எவன் வேலைன்னு தெரியுதோ, அவன் சனிக்கிழமை இங்க வர வேணாம்."

அந்த வார்த்தை இரண்டு பேருக்கும் ஒரே அளவு இல்லை. தொம்மைக்கு வேலை போனால் மானம் போகும். பழைய பெயரும் திரும்பி வரும். சின்னதுரைக்கு வெல்டிங் வெளிச்சத்தில் ஒரு கண் மங்கிப் போயிருந்தது. ஒற்றைக் கண் வெல்டரை வேறு எந்த ஷெட்டும் சேர்த்துக்கொள்ளாது.

மறுநாள் நடராசன் கேரவனை ஓட்டினார். தொம்மை பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டார். சின்னதுரை கதவருகே குந்திக்கொண்டார். கம்ப்ரசர் ஷெட்டில் இருந்ததால் இருவரும் முதலாளி வழியாகப் பேச வேண்டியிருந்தது.

திண்டிவனம் சாலையில் மேம்பாலம் ஏறும்போது அது வந்தது. கிலுங். பிறகு ஒரு நீண்ட கிர்ர்ர். பிறகு டக்.

"முதலாளி, பின்னால வருது" என்றார் சின்னதுரை. "கட்டில்ல. கட்டிலு மரத்துல செஞ்சதா, இரும்புல செஞ்சதான்னு படுத்துக்கினு இருக்கறவர கேளுங்க."

பாலம் இறங்கி நடராசன் பிரேக் போட்டார். கிலுங், கிர்ர்ர், டக்.

"இப்போ கதவாண்ட வருது முதலாளி" என்றார் தொம்மை. "ஓட்டை போட்ட எடத்துல. ஒத்தைக் கண்ண வெச்சுக்கினு ஓட்டை போட்டா இப்படித்தான்."

"கண்ணு போனா பரவால்ல, நாக்கு அழுகாம இருக்குதேன்னு சொல்லுங்க முதலாளி. பொய் சத்தியம் பண்ற நாக்கு."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கடா. எனக்கு வண்டிச் சத்தம் கேக்கணும். உங்க சத்தம்தான் கேக்குது."

போய்த் திரும்பியதும் தொம்மை கட்டிலைக் கழற்றினார். ஒவ்வொரு ஆணிக்கும் கம்பளித் துணி சுற்றி மறுபடி முடுக்கினார். சின்னதுரை அடியில் படுத்து ஒவ்வொரு பட்டையாகத் தட்டிப் பார்த்தார். மறுநாள் காலை மறுபடி ஓட்டினார்கள். மேம்பாலம் ஏறியது. கிலுங்.

அன்று வியாழக்கிழமை. சின்னதுரை தரையில் காதை வைத்துப் படுத்தபடியே திண்டிவனம் வரை போய் வந்தார். இறங்கும்போது ஒரு பக்கக் கன்னம் முழுக்க கால்மிதியின் வரி பதிந்திருந்தது.

"முதலாளி, சத்தம் ஒரு எடத்துல இல்ல. நடக்குது. மேட்டுல ஏறினா பின்னால போவுது, பிரேக் போட்டா முன்னால ஓடி வருது. வாசக்காலுக்கு அடியில நீட்டுக்கும் போவுதே சதுரப் பைப்பு, அதுக்குள்ள ஏதோ உருளுது."

"பைப்பு யாரு வேலை?" என்று நடராசன் கேட்டார்.

"என் வேலை" என்றார் சின்னதுரை. மறைக்கவில்லை.

தொம்மை கம்ப்ரசரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"கேட்டியா கம்ப்ரசரு. நட்டை உள்ள போட்டு மூடி வெல்டு அடிச்சிருக்கான். ஊருக்கே குத்தம் சொல்ற வாயி, தன் பைப்பை எட்டிப் பார்க்கல."

பதினோரு வருடத்தில் முதல் முறையாகச் சின்னதுரை பதில் சொல்லாமல் போனார். தொம்மைக்கு அந்த இரவு சோறு ருசித்தது. அதைச் சொல்லாமல் அவருடைய கதையைச் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மாதத்தின் முதல் வெள்ளி. தொம்மையின் மனைவி இருதயசெல்வி கோயிலுக்குப் போகும் முன் வெகு நாள் கழித்து மாதா சுரூபத்தை நகர்த்தி, அது இருந்த பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொம்மை சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

"யோவ். மாதாவுக்குப் பின்னால இருந்த முடிச்சு எங்க?"

தொம்மையின் கை பொத்தானில் நின்றது.

அந்த முடிச்சு பதினோரு வருடமாக அங்கே இருந்தது. திருவெண்ணெய்நல்லூரில் அஞ்சம்மாள் கொடுத்த முடிச்சு. "தங்கம்னு தனியா ஒண்ணும் இல்லண்ணே. என் கம்மல் திருகாணி ஒண்ணைக் கழட்டிப் போட்டிருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள். தொம்மை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். அதே நேரம் மழை பிடித்தது. கலவை கரையுது, ஜல்தி ஜல்தி என்று கொத்தனார் கத்தினார். நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். அன்று சாயங்காலம் சட்டையைத் துவைக்க எடுத்த இருதயசெல்வியின் கையில் முடிச்சு வந்தது. நாளைக்குப் போய்ச் சொல்லலாம் என்றார் தொம்மை. வைத்த வாசற்காலைத் தூக்கினால் வீட்டுக்கு ஆகாது என்று சொல்வார்களே என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளினார். அறுவடை முடியட்டும் என்றார். பிறகு அஞ்சம்மாள் செத்தாள். பிறகு சத்தியம் செய்துவிட்டார்.

"வெச்சுட்டேன்" என்றார் இப்போது.

"எங்க?"

"வெக்க வேண்டிய எடத்துல. ஒரு வாசக்காலுக்கு அடியில. தை மாசம்."

"எந்த வூட்டு வாசக்காலு? உன்னைத்தான் ஒருத்தனும் கூப்பிடறதில்லையே."

ஷெட்டில் எல்லோரும் அந்தக் கேரவனை 'ஓடுற வீடு' என்றுதான் சொன்னார்கள். பதினோரு வருடத்துக்குப் பிறகு அவர் செய்த முதல் வாசற்கால் அது. யாருமில்லாத சாப்பாட்டு நேரத்தில், தேக்குக்கு அடியில் உளியால் ஒரு குழி எடுத்து, சிலுவை போட்டு, முடிச்சை வைத்து மூடினார். மார்பில் இருந்த கல் இறங்கியது என்று அன்று நினைத்தார்.

"அந்தத் துணி பொடியா உதுந்துக்கினு இருந்துதே" என்றார் இருதயசெல்வி. "துடைக்கும்போது என் விரலு பட்டாலே நூலு கையோட வரும். அதையா வெச்ச?"

அப்போதுதான் அவருக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. அடியிலிருந்து மேலே ஏறிய துளையூசி. அது கிழித்த மஞ்சள் துணி. குழாய்க்குள் ஒவ்வொன்றாக விழுந்த காசுகள். மேம்பாலம் ஏறும்போது பின்னால் ஓடி, பிரேக் போட்டால் முன்னால் வரும் ஐந்து காசுகள். சின்னதுரை தன் மனைவியின் முடிச்சைத் தன் கையாலேயே கிழித்திருக்கிறார். அது தெரியாமல் இன்று வேலையையும் இழக்கப் போகிறார்.

தொம்மை நாற்காலியில் உட்கார்ந்தார். நடந்ததை மனைவியிடம் சொன்னார். இருதயசெல்வி கையில் இருந்த துணியை உதறினார்.

"போய்ச் சொல்லு. சொல்லாம திரும்பி வந்தா இந்த மாதாவை வேற வூட்டுல குடுத்துடறேன். பொய் சத்தியத்துக்குப் பக்கத்துல பதினோரு வருசம் நின்னுட்டாங்க. அவங்களுக்கும் கால் வலிக்கும்."

தொம்மை ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சின்னதுரையின் கருவிகள் ஏற்கெனவே ஒரு சாக்கில் இருந்தன. சாக்கின் வாயைக் கட்டாமல் அவர் நடராசன் முன்னால் நின்றிருந்தார்.

"முதலாளி, பைப்போட பின்முனையை அறுத்துப் பார்த்துடலாம். உள்ள என் நட்டு இருந்தா நானே போய்க்கறேன். இல்லன்னா இன்னான்னு தெரிஞ்சுக்கினாவது போறேன்."

"அறுத்துட்டு? பெயிண்ட்டு போன வண்டிய அந்தம்மாகிட்ட காட்டவா? சாயங்காலம் வந்து நிப்பாங்க." நடராசன் மேசை மேல் இருந்த இரண்டு ஃபோம் டப்பாக்களைக் காட்டினார். "ஒயர் போற ஓட்டை வழியா இதை அடிச்சா உள்ள ஊதிப் போய் இறுகிடும். எது இருந்தாலும் அப்படியே புதைஞ்சுடும். சத்தம் செத்துடும். தொம்மை, நீ அடி."

டப்பா தொம்மையின் கைக்கு வந்தது.

அவர் வாசற்காலின் முன் மண்டியிட்டார். மெல்லிய குழலை ஓட்டையில் நுழைத்தார். ஒரு விரலை அழுத்தினால் போதும். வெள்ளை நுரை உள்ளே போய்ப் பதினோரு வருடத்தையும் மூடிவிடும். அந்தப் பெண் குழந்தை கடலைப் பார்ப்பாள். நடராசனின் பெயர் கெடாது. தொம்மை நாளைக்கும் ஏழேகால் பஸ்ஸில் வருவார். சின்னதுரை மட்டும் வரமாட்டார். பதினோரு வருடமாக அதற்காகத்தானே தொம்மை வேண்டிக்கொண்டார்.

பின்னால் சின்னதுரை சாக்கின் வாயைக் கட்டும் சத்தம் கேட்டது.

"கம்ப்ரசரு, நல்லா அடிக்கச் சொல்லு. ஒரு சந்து விடாம அடிக்கச் சொல்லு."

தொம்மை குழலை வெளியே எடுத்தார். டப்பாவைத் தரையில் வைத்தார். எழுந்து போய்க் கட்டிய சாக்கை அவிழ்த்து, உள்ளேயிருந்து கிரைண்டரை எடுத்தார். சின்னதுரையின் கருவியை அவர் தொட்டது அதுதான் முதல் முறை.

"டேய் தொம்மை, இன்னாடா பண்ற" என்று நடராசன் எழுந்தார்.

தொம்மை வண்டிக்குப் பின்னால் போய், குழாயின் மூடிய முனையில் கிரைண்டரை வைத்தார். பொறி அவர் சட்டையில் தெறித்தது. மூடி அறுந்து விழுந்தது.

"முதலாளி, வண்டிய அந்த வாசல் மேட்டுல ஏத்துங்க."

"அறிவு கெட்டுப் போச்சா உனக்கு?"

"ஏத்துங்க. அப்புறம் இன்னா வேணா சொல்லுங்க."

நடராசன் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வண்டியில் ஏறினார். முன் சக்கரம் மேட்டில் ஏறியது. கிலுங். கிர்ர்ர். ஒரு ரூபாய்க் காசு ஒன்று தரையில் விழுந்து சுழன்று படுத்தது. அடுத்தது விழுந்தது. ஐந்தும் விழுந்தன. பிறகு கொஞ்சம் கறுத்த தானியத் தூள். பிறகு ஒரு மஞ்சள் நூல் கொத்து, அதில் சிக்கிக்கொண்டு எதுவோ ஒன்று, கடுகைவிடக் கொஞ்சம் பெரியது.

நடராசன் இறங்கி வந்து காசுகளைப் பார்த்தார். அந்தச் சின்னது அவர் கண்ணில் படவில்லை. ஒற்றைக் கண் மங்கிய சின்னதுரைதான் குனிந்தார். விரல் நுனியில் எடுத்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

அஞ்சம்மாள் சாகும்வரை அவளுடைய வலது காதில் கம்மல் இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி ஒன்றைச் செருகியிருந்தாள். அறுவடைக்கு அப்புறம் புதுத் திருகாணி வாங்கிக்கலாம் என்று சொல்லியிருந்தாள். அந்தக் குச்சியோடுதான் அவளைக் கொண்டுபோனார்கள்.

"கம்ப்ரசரு" என்று தொடங்கினார் தொம்மை. நிறுத்தினார். பதினோரு வருடத்துப் பழக்கத்தை விழுங்கிவிட்டு மனிதனின் பக்கம் திரும்பினார். "சின்னதுரை. அன்னிக்கு நான் வெக்கல. மழை வந்துது. பையில இருந்ததை மறந்துட்டேன். அப்புறம் பயந்துட்டேன். சத்தியம் பண்ணது பொய். நேத்து நான் உன்னைச் சொன்னதும் பொய்."

"தெரியும்" என்றார் சின்னதுரை.

தொம்மைக்கு விளங்கவில்லை.

"கருமாதி முடிஞ்ச மறுநாளே வாசக்கால் ஓரமா நோண்டிப் பார்த்துட்டேன். அடியில வெறும் மண்ணு." அவருடைய குரல் உயரவில்லை. "அந்த முடிச்சு இல்லாததால அவ செத்தான்னு நான் நினைக்கலய்யா. அன்னிக்கு வயித்தெரிச்சல்ல சொன்னேன். டாக்டர் சொன்னது எனக்கும் புரியும். ஆனா நீ பொய் சொன்ன. உன்னை அண்ணேன்னு கூப்பிட்டவ பொணத்து முன்னாடி நின்னுக்கினு, உங்க மாதாவை இழுத்துப் பொய் சொன்ன."

"ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கலாமே."

"ஊரு சொல்லி எனக்கு இன்னா ஆவணும்? நீ சொல்லணும். அதுக்குத்தான் இந்த ஷெட்டுக்கு வந்தேன். இன்னிக்கு சொல்லுவான், நாளைக்கு சொல்லுவான்னு பதினோரு வருசமா ஒரு தகர டப்பாகிட்ட பேசிக்கினு கெடந்தேன். நாயி. உன்ன மாதிரி ஒரு நாயி இந்தச் சில்லாவுலயே கிடையாது."

வசவு நேராக வந்து விழுந்தது. நடுவில் கம்ப்ரசர் இல்லை. தொம்மை தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார்.

நடராசனுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அவர் சொன்ன சொல் ஒன்று இருந்தது. "தொம்மை, நாளையிலேர்ந்து…"

"வரல முதலாளி."

குழாயின் முனையைச் சின்னதுரைதான் மறுபடி மூடி வெல்டிங் அடித்தார். கிழிந்த துணியில் மிச்சம் இருந்ததைத் தொம்மை வாசற்காலைக் கழற்றி வழித்தெடுத்தார். பெயிண்ட் காய்வதற்குள் ஆர்த்தி வந்துவிட்டார். நடராசன் தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு மேம்பாலம் வரை போய் வந்தார். போகும்போது சங்கவியின் இரண்டு கையும் காதில் இருந்தன. திரும்பி வந்தபோது ஒரு கை ஜன்னல் கண்ணாடியில் இருந்தது. ஆர்த்தி நன்றி சொல்லவில்லை. "இதை முதல் தடவையே பண்ணியிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மகளோடு திண்டிவனம் போகும் சாலையில் வண்டியைத் திருப்பினார்.

தொம்மை உளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். பஸ்ஸுக்காக நின்றார். பின்னால் காலடி கேட்டது.

"யோவ் தொம்மை."

திரும்பினார். சின்னதுரை கைக்குட்டையில் அந்த ஐந்து காசையும் திருகாணியையும் வைத்துப் பிடித்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை எங்க வூட்டுக்கு வா. வாசக்காலைத் தூக்கணும். நீ நட்டது, நீயே தூக்கு. இதை அடியில வெச்சு மறுபடி நடு."

"காலையில பூசை இருக்குது."

"முடிச்சுட்டு வா. வந்துட்டு தண்ணி கிண்ணின்னு கேக்காத. என் வூட்டுல உனக்கு ஒரு சொட்டு கிடையாது."

"பாட்டில்ல கொண்டாந்துக்கறேன்."

"வூட்டுக்குள்ள வரக் கூடாது. வெளியவே நின்னு வேலையை முடிச்சுட்டுப் போயிடணும்."

வேலை விஷயத்தில் தொம்மையால் எப்போதும் பொய் சொல்ல முடிந்ததில்லை.

"வாசக்கால வெளிய நின்னு நட முடியாது. மட்டம் பார்க்கணும். ஒரு காலு உள்ள இருந்துதான் ஆவணும்."

திண்டிவனம் பஸ் வந்து நின்றது. சின்னதுரை அதைப் பார்க்கவில்லை. கைக்குட்டையின் நான்கு முனைகளையும் சேர்த்து இறுக்கி முடிந்துகொண்டிருந்தார்.

"ஒரு காலுதான்" என்றார்.